பரிசோதனைத் தாள் கைக்கு வந்த பிறகுதான் அலைச்சலே தொடங்கியது

என் மகனுக்கு 22 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் நடத்தும் போட்டிகளில் பள்ளிக் காலத்திலிருந்தே குண்டு எறிகிறான். போன வருடம் அவனுடைய பல் விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டில் ஒரு லட்சம் ரூபாய் போனது, ஒரு சீசன் முழுக்கப் பயிற்சி போனது. அதையெல்லாம் விட, பிள்ளை மாதக்கணக்கில் வலியோடு இருந்திருக்கிறான் என்பது இன்னும் எனக்கு ஆறவில்லை. நாங்கள் கோவையில் இருக்கிறோம். இவ்வளவு டாக்டர்கள் உள்ள ஊரிலேயே ஒருத்தரும் சரியான வழி சொல்லாமல் சுற்றினோம். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையை, அதுவும் வளர்ந்த பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது மைதானத்தில்தான். எறிகிற தூரம் குறைந்துகொண்டே வந்தது. கோச் சார் ஒரு நாள், "அம்மா, தம்பி எறியும்போது வாயைத் திறந்தே வச்சிருக்கான், கவனிச்சீங்களா? முன்னாடி பல்லைக் கடிச்சுட்டு எறிவான்" என்றார். கவனிக்கத்தான் செய்தேன், ஆனால் என்னவென்று புரியவில்லை. வீட்டில் முறுக்கைத் தொடுவதில்லை, தோசையைக்கூட சாம்பாரில் ஊற வைத்துத்தான் சாப்பிட்டான். இடது கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு படுத்தான். பல் தேய்க்கக் கூப்பிட்டால் கத்துவான், ஒரு நாள் பயிற்சியில் கூடவே இருந்த நண்பனை அடித்துவிட்டான். "எங்கேடா வலிக்குது?" என்று கேட்டால் வயிற்றைக் காட்டுவான், அடுத்த முறை தலையைக் காட்டுவான். அவனுக்கு வலி என்றால் அது உடம்பு முழுக்க ஒன்றுதான், இடம் பிரித்துச் சொல்ல வராது.

டாக்டரிடம் போனோம். வயசுக் கோளாறு என்றார். இன்னொருவர் மனநல டாக்டரிடம் அனுப்பினார். அவர் கோபத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் பிள்ளை தூங்கி வழிந்தான், வாய் உலர்ந்து போனது. வாய் உலர்ந்தால் பல் இன்னும் வேகமாகக் கெடும் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எழுதிக் கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை. தலைவலியோ என்று ஸ்கேன், வயிறோ என்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று முப்பதாயிரம் கரைந்தது. இத்தனை பேரில் ஒருவர்கூட டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கவில்லை. "இந்தப் பிள்ளைங்க இப்படித்தாம்மா இருப்பாங்க" என்ற வார்த்தையைத்தான் விதவிதமாகக் கேட்டேன். அந்த வார்த்தை எனக்கு இன்னும் எரிகிறது. வலியில் துடிக்கிற ஒரு மனுஷனின் நடத்தையைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிட்டால் யாரும் வலியைத் தேட மாட்டார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால், மனநல மாத்திரைக்கு முன்னால் உடம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல், காது, மலச்சிக்கல், தைராய்டு, இந்த நான்கையும் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம். ஒரு பக்கமாக மெல்வது, கெட்டியானதைத் தவிர்ப்பது, குளிர்ந்த தண்ணீரை ஒதுக்குவது, வழக்கத்துக்கு மாறான வாய் நாற்றம், கன்னத்தைத் தட்டிக்கொள்வது, சட்டைக் காலரைக் கடிப்பது எல்லாம் பல் வலியின் அடையாளமாக இருக்கலாம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், முடிந்தால் சாப்பிடும்போது வீடியோ எடுங்கள். டாக்டரின் அறைக்குள் நம் பிள்ளை வாயே திறக்க மாட்டான், வீடியோ பேசும்.

கடைசியில் விஷயம் வெளியே வந்தது மாநில அளவிலான ஒரு போட்டியில். அங்கே வீரர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனை வைத்திருந்தார்கள். கண்ணுக்கு ஒரு இடம், காதுக்கு ஒரு இடம், பாதத்துக்கு ஒரு இடம், பல்லுக்கு ஒரு இடம். பல்லுக்கானதற்கு ஸ்பெஷல் ஸ்மைல்ஸ் என்று பெயர். வீட்டில் பிரஷ்ஷைக் கண்டாலே ஓடுகிறவன் அங்கே வாயைத் திறந்துவிட்டான். காரணம், வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற நண்பன் திறந்தான். பல் மருத்துவம் படிக்கும் மாணவிகள், ஊசியோ மெஷினோ கிடையாது, ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும்தான். பார்த்த பெண் உடனே மூத்த டாக்டரைக் கூப்பிட்டாள். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை, பக்கத்தில் ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. மேலே இரண்டு பல்லில் ஓட்டை, முன் பற்களின் அடியில் காறை, அதாவது படிந்து இறுகிப்போன அழுக்கு. தாளில் 'அவசரம்' என்ற இடத்தில் டிக் அடித்துக் கொடுத்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு ஒரு நிம்மதியும் இருந்தது, என் பிள்ளைக்குப் பைத்தியம் இல்லை, பல் வலி.

அன்றைக்கு அந்த டாக்டர் சில விஷயங்கள் சொன்னார், பிறகு நானும் தேடிப் படித்தேன். 1995இல் அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்தில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகப் போட்டி நடந்தபோது, கடுமையான வலியும் நோயுமாக வீரர்களை நேரே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டி வந்திருக்கிறது. அதற்கு முன்பே ஸ்டீவன் பெர்ல்மன் என்ற குழந்தைகள் பல் மருத்துவர் பாஸ்டன் பக்கத்தில் இந்தப் பல் பரிசோதனையைத் தொடங்கியிருந்தார். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸை 1968இல் தொடங்கிய யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் அக்கா ரோஸ்மேரி அறிவுசார் குறைபாடு உள்ளவர். அவருக்குப் பல் பார்த்தவரும் இதே டாக்டர்தான். 1997இல் கண், காது, பல் எல்லாவற்றையும் சேர்த்து 'ஹெல்தி அத்லெட்ஸ்' என்ற திட்டமாக்கினார்கள். இன்றைக்கு 130க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி படிவம்: வாயில் வலி உண்டா, எத்தனை முறை பல் தேய்க்கிறார், சொத்தை, அடைத்த பல், இல்லாத பல், ஈறு, அடிபட்ட பல், எவ்வளவு அவசரம்.

ஒரே படிவம் என்பதால் நாட்டுக்கு நாடு ஒப்பிட முடிகிறது. உலக அளவில் பார்த்தால் மூன்றில் ஒரு வீரருக்காவது சிகிச்சை செய்யாத சொத்தை இருக்கிறது, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஈறு நோய். எக்ஸ்ரே இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொன்ன கணக்கு இது, இடுக்கில் ஒளிந்திருக்கும் சொத்தை இதில் வராது. என்னை உறுத்தியது வேறு. பணக்கார நாட்டு வீரரின் வாயில் அடைத்த பற்கள் அதிகம் இருக்கும். நம்மைப் போன்ற நாடுகளில் அந்தப் பல் சொத்தையாகவே இருக்கும், அல்லது பிடுங்கிய இடம் காலியாக இருக்கும். பல் ஒன்றுதான், கெடுவதும் ஒரே மாதிரிதான், கெட்ட பிறகு உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததா என்பதுதான் வித்தியாசம். ஈறு நோய் மட்டும் பணக்கார நாட்டையும் விடவில்லை, ஏனென்றால் அது தினமும் வீட்டில் தேய்த்துவிடுகிற கையைப் பொறுத்தது.

பரிசோதனைத் தாள் சிகிச்சை ஆகாது. இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு நான் போன முதல் கிளினிக்கில் வரவேற்பறையிலேயே, "மேடம், இந்த மாதிரி பேஷண்ட் நாங்க பாக்கறதில்ல" என்று திருப்பினார்கள். இன்னொரு இடத்தில் நாலு பேர் பிடித்து அமுக்கி வாயைத் திறக்கப் பார்த்தார்கள். அன்றைக்கு அவன் பட்ட பயம் தெளிய மாதங்கள் ஆயின. வேறொரு பெரிய மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்துப் பின்பக்கப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், 85,000 ஆகும் என்றார்கள். "எடுத்துட்டா உங்களுக்கும் தொந்தரவு இல்லம்மா" என்றார் அந்த டாக்டர். என் மகன் இன்னும் நாற்பது வருடம் சாப்பிட வேண்டியவன். இவர்களில் பெரும்பாலானவர்கள் கழற்றி மாட்டும் பல்செட்டைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் எடுத்த பல் போனது போனதுதான். அதை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு வழி காட்டியது இன்னொரு வீரரின் அம்மாதான். "அக்கா, குழந்தைங்க பல் டாக்டரைப் பாருங்க, வயசப் பாத்து தயங்காதீங்க" என்றாள். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் பல்லுக்கென்று தனியாக ஒரு மேற்படிப்புப் பிரிவு இல்லை. பிரிட்டனில் 2008லேயே அதைத் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரித்துவிட்டார்கள். இங்கே அந்தப் பயிற்சி ஓரளவு உள்ளவர்கள் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். முடித்தவர்கள்தான். 22 வயது ஆளை அவர்களிடம் கூட்டிப் போக முதலில் கூச்சமாக இருந்தது, தேவையே இல்லாத கூச்சம். போனில் கேட்கும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களைப் பார்ப்பீர்களா, மயக்கம் கொடுத்துச் செய்யும் வசதி எங்கே வைத்திருக்கிறீர்கள், முதல் தடவை எதுவும் செய்யாமல் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாமா. மூன்றாவதற்கு "தாராளமா வாங்க" என்றால் அந்த டாக்டரை விடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்த டாக்டர் அப்படித்தான் சொன்னார். முதல் தடவை நாற்காலியை ஏற்றி இறக்கி விளையாட விட்டார், அவ்வளவுதான். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன, குழந்தைகள் பிரிவு அங்கேயும் உண்டு. காத்திருக்க நேரம் உள்ளவர்கள் அங்கே விசாரித்தால் செலவு வெகுவாகக் குறையும்.

சீழுக்கு மருந்து கொடுத்து, வீக்கம் அடங்கிய பிறகு, எல்லா வேலையையும் ஒரே மயக்கத்தில் முடிப்பது என்று முடிவானது. அதற்கு முன் செய்ய வேண்டியதை ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் திரும்பத் திரும்ப அலைந்தேன், அதில் மட்டும் பன்னிரண்டாயிரம். நீங்கள் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் என்றால் எக்கோ என்ற இதய ஸ்கேனும் இதய டாக்டரின் கடிதமும் வேண்டும். என் மகனுக்குச் சின்ன வயதில் இதய ஓட்டைக்கு ஆபரேஷன் ஆனது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் பல் வேலைக்கு முன் ஆண்டிபயாடிக் கட்டாயம், சிலருக்குத் தேவையில்லை, அதை இதய டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். தைராய்டு அளவு பாருங்கள். கழுத்தெலும்பின் மேல் மூட்டு சிலருக்குத் தளர்வாக இருக்கும், மயக்கத்தில் தலையைச் சாய்க்கும்போது ஆபத்து, மயக்க டாக்டரிடம் இதை நீங்களாகவே ஞாபகப்படுத்துங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் என்றால் அன்று காலை மாத்திரை உண்டா இல்லையா என்று தெளிவாகக் கேளுங்கள். பினிடாயின் என்ற வலிப்பு மாத்திரை ஈறைத் தடிக்க வைக்கும், அதைச் சாப்பிடுபவர்கள் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. மயக்கத்துக்குச் சம்மதக் கையெழுத்து போடப் போனால், பையனுக்கு 18 தாண்டிவிட்டது, நீங்கள் சட்டப்படி பாதுகாவலரா என்று கேட்டார்கள். பெற்ற அம்மா நான்! ஆனால் 18 வயதுக்குப் பிறகு பெற்றவர்கள் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்களாம். அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களின் நலனுக்கான மத்திய அரசு அமைப்பு நேஷனல் டிரஸ்ட், அதற்கான 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அன்றைக்கு இரண்டு டாக்டர்கள் கையெழுத்தோடு அவசரம் என்று எழுதி ஒப்புக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்ப முடியாது. பிள்ளைக்கு 18 முடிந்த கையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதைக் கேட்டுத் தொடங்குங்கள், பல்லுக்கு மட்டும் அல்ல, வங்கிக் கணக்கு வரை உதவும்.

பண விஷயம். எங்கள் மருத்துவக் காப்பீட்டில் விபத்தில் அடிபட்டால்தான் பல்லுக்குக் காசு, சொத்தைக்குக் கிடையாது. பெரும்பாலான பாலிசிகள் இப்படித்தான். நேஷனல் டிரஸ்டின் நிராமயா என்ற காப்பீடு ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, ஏற்கெனவே உள்ள நோய் என்று தள்ள மாட்டார்கள், பல் பராமரிப்புக்கும் அதில் சிறிது ஒதுக்கீடு உண்டு. எங்களுக்கு அதைப் பற்றிச் சொன்னவர் யாரும் இல்லை, இப்போது சேர்ந்திருக்கிறோம். சிகிச்சைக்கு 58,000 ஆனது, முழுக்கக் கைக்காசு.

மயக்கத்துக்கு முந்தின நாள் டாக்டரோடு உட்கார்ந்து எந்தப் பல்லைக் காப்பாற்றுவது, எதை எடுப்பது என்று பேசினோம். முழு எக்ஸ்ரே எடுப்பதே மயக்கம் கொடுத்த பிறகுதான் என்பதால் உள்ளே போய்த்தான் பாதி தெரியும். "எடுக்கணும்னா வெளியே வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டுக்கொண்டேன், கேஸ் ஷீட்டிலும் எழுத வைத்தேன். அவரும் வந்து சொன்னார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் போனது, மற்றவை அடைத்தாயிற்று, காறை எடுத்தாயிற்று. அன்று முதல் ஆளாக நேரம் வாங்குவது முக்கியம், பசியோடு காத்திருக்க நம் பிள்ளைகளால் முடியாது. இன்னொன்று, அதே மயக்கத்தில் தைராய்டுக்கான ரத்தமும் எடுத்து, காது அழுக்கையும் எடுக்கச் சொல்லிக் கேட்டேன், செய்துகொடுத்தார்கள். ஊசிக்குப் போராடும் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

எல்லோருக்கும் மயக்கம் தேவைப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். சின்னச் சொத்தை என்றால் சில்வர் டையமைன் புளோரைடு என்ற மருந்தைத் தொட்டு வைத்தாலே சொத்தை மேலே பரவாமல் நிற்க வாய்ப்புண்டு. துளையிட வேண்டாம், ஊசி வேண்டாம். சொத்தை இருந்த இடம் கறுத்துப்போகும், கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்? முன்பே பிடித்திருந்தால் எங்களுக்கும் அதுவே போதுமாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது வயிற்றைப் பிசைந்தது.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஈறு நோய் இள வயதிலேயே வரும், அவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் உள்ள குறையே அதற்குக் காரணம் என்கிறார்கள். ஆகவே அவன் தானே தேய்த்துக்கொண்டாலும் இரவில் நான் ஒரு தடவை தேய்த்துவிடுகிறேன். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, நான் பின்னால் நின்று, தலையை என் மார்பில் சாய்த்துக்கொண்டு, எதிரே கண்ணாடி. முன்னால் நின்று தேய்த்தால் தள்ளிவிடுவான், பின்னால் நின்றால் அமைதியாக இருக்கிறான். கடிப்பதற்கு ஒரு பழைய பிரஷ்ஷின் காம்பில் துணி சுற்றி ஒரு பக்கம் கொடுத்துவிடுவேன், மறுபக்கம் தேய்ப்பேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து எண்ணுவோம், எண்ணுவது அவன் வேலை. பேஸ்ட் வாங்கும்போது டியூபில் புளோரைடு 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், பல மூலிகைப் பேஸ்ட்களில் புளோரைடே இருக்காது. பட்டாணி அளவு போதும், துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்.

மைதானத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். சிறப்புப் பள்ளிகளில் சொன்னதைச் செய்தால் ஒரு மிட்டாய் கொடுப்பது பழைய வழக்கம், விளையாட்டிலும் அதுவே தொடர்கிறது. ஒவ்வொரு எறிக்கும் ஒரு மிட்டாய், நடுநடுவே குளுக்கோஸ் தண்ணீர். பல் நாள் முழுக்கச் சர்க்கரையில் ஊறுகிறது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கும். கோச் சாரிடம் பேசினேன், தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கர், நல்ல எறிக்கு விசில். எங்கள் குழுவில் எல்லோருக்கும் வெறும் தண்ணீர்தான். வெயிலில் மோர் கொடுக்கிறோம்.

ஜெர்மனியில் இருக்கும் என் நாத்தனார் ஒரு செய்தி சொன்னாள். அங்கே 2018 ஜூலையிலிருந்து பராமரிப்பு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொதுக் காப்பீட்டிலேயே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காறை எடுப்பது, வாய்ப் பராமரிப்புத் திட்டம் எழுதித் தருவது, கூட இருப்பவர்களுக்குச் சொல்லித் தருவது எல்லாம் சட்டப்படி உரிமை. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பல் சிகிச்சை கட்டாயம், அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆக அங்கேயும் பிள்ளை வளர்ந்ததும் பெற்றோர் தவிக்கத்தான் செய்கிறார்கள். 2023இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் நம் பிள்ளைகள் 202 பதக்கம் வாங்கி வந்தார்கள், 76 தங்கம். இவ்வளவு பெருமை தேடித் தருகிறவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை பல் சுத்தம் செய்துவிடச் சொல்லிக் கேட்பது பெரிய கோரிக்கையா? மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவமனையில், மாதம் ஒரு நாள், மயக்க டாக்டரோடு சேர்த்து நம் பிள்ளைகளின் பல்லுக்கு ஒதுக்கினால்கூடப் போதும். எங்கள் பெற்றோர் குழு சார்பில் மனு எழுதியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் எழுதுங்கள்.

அதுவரை, உங்கள் பிள்ளை போட்டிக்குப் போகும்போது அங்கே பல் பரிசோதனை இருக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள். இருந்தால் நீங்களும் கூட நில்லுங்கள். தாளை வாங்கியதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பையில் போனால் திரும்பி வராது. அதில் 'அவசரம்' என்று இருந்தால் அங்கேயே, அந்த டாக்டரிடமே, எங்கள் ஊரில் யாரிடம் போவது என்று பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டுதான் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.